சுவரை மூடுவதற்கு முன் ஒரு போன்: இன்டீரியர் டிசைனரும் கலை ஆலோசகரும்

சில வருடங்களுக்கு முன் கொட்டிவாக்கத்தில் ஒரு வீடு செய்துகொண்டிருந்தோம். வேலையெல்லாம் முடிந்து, சோஃபா வந்து, திரைச்சீலையும் மாட்டியாகிவிட்டது. பால் காய்ச்ச இன்னும் நாலு நாள். அன்றைக்குத்தான் ஹாலுக்கு வாங்கிய ஓவியம் வந்து இறங்கியது. ஆறடி அகலம், நாலடி உயரம். வீட்டுக்காரர் ஒரு கலை ஆலோசகரை வைத்து மூன்று மாதம் தேடி வாங்கியது. இரண்டு பேர் தூக்கிப் பிடித்துச் சுவரோரம் கொண்டுபோனார்கள். சுவரின் நட்டநடுவில் பன்னிரண்டு மாட்யூல் சுவிட்ச் போர்டு பல்லைக் காட்டியது.

எலக்ட்ரீஷியன் என்னைப் பார்த்து, "சார், நீங்க டிராயிங்ல போட்ட எடத்துலதான் வெச்சேன்" என்றார். உண்மைதான். நான் போட்ட இடம்தான்.

ஆலோசகர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று அன்றைக்கு எனக்குக் கோபம். அவருக்கும் என்மேல் அதே கோபம் இருந்ததை அப்புறம் தெரிந்துகொண்டேன். இரண்டு பேரிடமும் மற்றவர் நம்பர் இருந்தது. இரண்டு பேரும் பேசவில்லை. சுவரைக் கொத்தி, போர்டை ஓரத்துக்கு மாற்றி, பட்டி பார்த்து, அந்த இடத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்தால் நிறம் ஒட்டவில்லை. கடைசியில் முழுச் சுவரையும் திரும்ப அடித்தோம். செலவு என் கணக்கில்.

இந்தக் கட்டுரை புதிதாகத் தொழிலுக்கு வரும் இன்டீரியர் டிசைனர்களுக்கு. கலை ஆலோசகர் என்பவர் யார், அவரை எப்போது கூப்பிட வேண்டும், யார் வேலை எங்கே முடிகிறது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்ட வரிசையில் சொல்கிறேன்.

யார் இந்த ஆலோசகர்

ஆர்ட் கன்சல்டன்ட் என்று நாம் சொல்கிற இவர் கேலரிக்காரர் இல்லை. கேலரிக்காரர் தன்னிடம் இருப்பதை விற்பவர். ஆலோசகர், முறையாகச் செய்பவராக இருந்தால், வாங்குகிறவர் பக்கம் நிற்பவர். வீட்டுக்காரருக்கு என்ன பிடிக்கும், எவ்வளவு செலவழிக்க முடியும் என்று கேட்டு, பல கேலரிகளிலும் ஓவியர்களின் ஸ்டுடியோக்களிலும் தேடி, விலை பேசி, படைப்பு அசல்தானா என்று பார்த்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து மாட்டும்வரை கூட இருப்பவர்.

இதற்கு டிசைனரே போதாதா என்று கேட்கலாம். சின்ன வேலைக்குப் போதும். ஆனால் ஒரு உதாரணம் பாருங்கள். "நம்ம ஊர் ஓவியர்கள் வரைஞ்சதா ஒண்ணு ரெண்டு வேணும்" என்று ஒரு வீட்டுக்காரர் சொல்கிறார். உங்களுக்குச் சோழமண்டலம் நினைவுக்கு வரும். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று, மெட்ராஸ் கலைக் கல்லூரியிலிருந்து வந்த ஓவியர்களும் சிற்பிகளும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி உருவாக்கிய கிராமம் அது. இவ்வளவு நமக்குத் தெரியும். ஆனால் ஆதிமூலத்தின் கறுப்பு மைக் கோட்டோவியத்துக்கும் அவர் பிற்காலத்தில் வரைந்த வண்ண அரூப ஓவியத்துக்கும் சந்தையில் என்ன வித்தியாசம், கையெழுத்து சரியா, இதற்குமுன் யாரிடம் இருந்தது, கேன்வாஸின் பின்புறம் என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் தினமும் அதிலேயே கிடப்பவருக்குத்தான் தெரியும். நான் ஓவியத்தைப் பார்த்தால் முதலில் அந்த நீலத்தைப் பார்ப்பேன். அவர் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்.

இன்னொரு சின்ன விஷயம். அச்சுப் படைப்பின் ஓரத்தில் பென்சிலால் 7/50 என்று எழுதியிருந்தால், மொத்தம் ஐம்பது பிரதி, அதில் இது ஏழாவது என்று அர்த்தம். அதற்கென்று ஒரு மதிப்பு உண்டு. எண்ணும் கையெழுத்தும் இல்லாமல், ஓவியத்தைப் படம் பிடித்து கேன்வாஸில் பிரின்ட் போட்டுத் தருவது வேறு. அது அலங்காரம். அலங்காரம் தப்பில்லை, விலையும் அலங்காரத்தின் விலையாக இருக்கும்வரை.

எப்போது கூப்பிடுவது

இதற்கு ஒரே பதில்தான். எலக்ட்ரிகல் லேஅவுட் முடிவாவதற்கு முன்.

பெரும்பாலான இடங்களில் நடப்பது தலைகீழ். டைல்ஸ், கார்பென்ட்ரி, ஃபால்ஸ் சீலிங், பெயின்ட், சோஃபா எல்லாம் முடிந்து, பட்ஜெட்டும் முடிந்த பிறகு, "இந்தச் சுவர் மொட்டையா இருக்கே, ஒரு பெயின்டிங் பார்க்கலாமா" என்று கேட்பார்கள். அப்போது ஆலோசகரைக் கூப்பிட்டால் அவர் கையில் இருப்பது மிச்சம் மீதிதான். மிஞ்சிய சுவர், மிஞ்சிய பணம், ஏற்கெனவே துளைத்துவிட்ட லைட் ஓட்டைகள்.

பணத்தை முன்கூட்டியே ஒதுக்குவதற்கு இந்தியாவில் ஓர் அருமையான முன்னுதாரணம் இருக்கிறது. மும்பையில் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தை உருவாக்கிய ஹோமி பாபா, கட்டுமானப் பணத்தில் ஒரு சதவிகிதத்தைக் கலைப் படைப்புகளுக்குச் செலவழிக்க நேருவிடம் அனுமதி வாங்கினார். இன்றைக்கு அந்த இயற்பியல் நிறுவனத்தின் சுவர்களில் நவீன இந்திய ஓவியத்தின் முக்கியமான தொகுப்புகளில் ஒன்று இருக்கிறது. எம்.எஃப். ஹுசைன் வரைந்த நாற்பத்தைந்து அடி நீளச் சுவரோவியமும் அதில் அடக்கம். பாபாவுக்குக் கலை தெரியும், தானே வரைவார், அது வேறு விஷயம். நமக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஒரு சதவிகிதம். எவ்வளவு என்பதைவிட, எஸ்டிமேட்டில் அதற்கென்று ஒரு வரி இருந்தது என்பதுதான் முக்கியம். நான் இப்போது எல்லா எஸ்டிமேட்டிலும் 'கலை' என்று ஒரு வரி போட்டுவிடுகிறேன். சில வீட்டுக்காரர்கள் அதை அடித்துவிடுவார்கள். சரி. ஆனால் அடிக்கும்போதாவது அதைப் பற்றி ஒரு பேச்சு நடக்கிறது.

முதல் சந்திப்புக்கு நான் கொண்டுபோவது: தரைப்பட பிளான், முக்கியச் சுவர்களின் எலிவேஷன், லைட்டிங் லேஅவுட், எந்த ஜன்னல் எந்தத் திசை. ஆலோசகரிடம் நான் கேட்பது: உத்தேச அளவு, சட்டத்தோடு (பிரேமோடு) சேர்த்து எடை, சுவரிலிருந்து எவ்வளவு முன்தள்ளி நிற்கும், கண்ணாடி உண்டா இல்லையா. ஓவியம் எது என்று அப்போது அவருக்கே தெரியாது. பரவாயில்லை. "இந்தச் சுவரில் ஐந்தடி அகலத்துக்கு ஏதோ வரப்போகிறது" என்பது தெரிந்தாலே சுவிட்ச் போர்டு ஓரமாகப் போய்விடும்.

வெளிச்சம்

இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். டிசைனரும் ஆலோசகரும் அதிகம் முட்டிக்கொள்வது இங்கேதான். நாம் ஜன்னலைப் பெரிதாக்க விரும்புகிறோம், அவர் திரைச்சீலையை இழுத்துவிடச் சொல்கிறார்.

அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு மார்க் ராத்கோ 1960-களின் தொடக்கத்தில் பெரிய சுவரோவியங்களை வரைந்து கொடுத்தார். ஐந்து கேன்வாஸ்களை ஒரு கட்டடத்தின் உச்சி மாடியிலிருந்த சாப்பாட்டு அறையில் 1964-இல் மாட்டினார்கள். அறையில் பெரிய பெரிய ஜன்னல்கள், வெளியே அழகான காட்சி. அங்கே வந்தவர்கள் காட்சியைப் பார்க்கத் திரையைத் திறந்துவைத்தார்கள். ராத்கோ கலந்த சிவப்பில் லித்தால் ரெட் என்ற நிறமி இருந்தது. வெயில் பட்டால் வெளிறிவிடும் வகை. கருஞ்சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போய், சில இடங்களில் வெளிர்நீலம் மட்டும் நின்றது. போதாததற்குச் சாப்பாட்டுக் கறை, நாற்காலி இடித்த தடம். 1979-இல் கழற்றிக் கிடங்கில் வைத்துவிட்டார்கள்.

ஓவியத்தின்மேல் மறுபடி வண்ணம் பூச முடியாது, அது ராத்கோவின் ஓவியமாக இருக்காது. அதனால் 2014-இல் வேறு வழி கண்டுபிடித்தார்கள். பழைய புகைப்படங்களிலிருந்து அசல் நிறத்தைக் கணக்கிட்டு, எங்கே எந்த நிறம் குறைகிறதோ அந்த நிற ஒளியை மட்டும் புரொஜெக்டரால் ஓவியத்தின்மேல் பாய்ச்சினார்கள். கேன்வாஸைத் தொடவே இல்லை. மாலையில் புரொஜெக்டரை அணைக்கும்போது, வெளிறிப்போன உண்மை நிலை கண்ணுக்கு முன்னால் திரும்பி வந்தது.

ஓவியர் நிறமியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கலாம், அறையைப் பராமரித்தவர்கள் திரையை மூடியிருக்கலாம். யார்மேல் பழி போட்டாலும், அந்த ஓவியத்தையும் அந்த ஜன்னலையும் ஒரே தாளில் வைத்து யோசித்த ஆள் யாரும் இல்லை என்பதுதான் நடந்தது.

நம் வீடுகளுக்கு வருவோம். அருங்காட்சியகங்களில் நீர்வண்ணம், காகிதம், புகைப்படம், துணி போன்றவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்றும், எண்ணெய் வண்ணத்துக்கும் அக்ரிலிக்குக்கும் 150 முதல் 200 லக்ஸ் வரை என்றும் வைத்துக்கொள்வார்கள். வீட்டில் அவ்வளவு கறாராக இருக்க முடியாது. ஆனால் போனில் ஒரு லக்ஸ் மீட்டர் ஆப் போட்டு, மேற்குப் பார்த்த ஜன்னலருகே மாலை நாலு மணிக்குப் பிடித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் ஓடும். ஆப் துல்லியமாக இருக்காது, ஆனால் ஐம்பதுக்கும் ஐயாயிரத்துக்கும் வித்தியாசம் காட்ட அது போதும். அந்தச் சுவரில் நீர்வண்ணம் வேண்டாம். அங்கே உலோகச் சிற்பமோ சுடுமண்ணோ கல்லோ வைக்கலாம், வெயில் அவற்றை ஒன்றும் செய்யாது. பி.வி. ஜானகிராம், நந்தகோபால் போன்றவர்கள் தகட்டை வளைத்துப் பற்றவைத்துச் செய்த உலோகச் சிற்ப மரபு மெட்ராஸிலேயே இருக்கிறதே.

விளக்குக்கு வந்தால், நிறத்தைச் சரியாகக் காட்டும் எல்இடி வேண்டும். பெட்டியில் சிஆர்ஐ 90-க்கு மேல் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். விளக்கு சுவருக்கு மிக அருகில் இருந்தால் சட்டத்தின் நிழல் ஓவியத்தின்மேல் விழும், தூக்கின வண்ணமெல்லாம் மேடு பள்ளமாகத் தெரியும். மிகத் தள்ளி இருந்தால் பார்ப்பவர் தலை நிழல் விழும், கண்ணாடி பளபளக்கும். செங்குத்திலிருந்து முப்பது டிகிரி சாய்வு என்பது பொதுவான கணக்கு. ஓவியம் எதுவென்று தெரியாத கட்டத்தில், நிரந்தரமாகத் துளை போட்டுப் பதிக்கும் விளக்கைவிட, தண்டவாளம் போன்ற பட்டையில் நகரும் ட்ராக் லைட் நல்லது. பிறகு வேண்டிய இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். சில டிசைனர்களுக்கு ட்ராக் பிடிக்காது, கடை மாதிரி இருக்கிறது என்பார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

சுவரின் பின்னால் என்ன இருக்கிறது

சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் ஓவியத்துக்கு முதல் எதிரி ஈரம். குளியலறைக்குப் பின்பக்கச் சுவர், மழை நேராக அடிக்கும் வெளிச்சுவர் இரண்டும் ஆகாது. எந்தச் சுவருக்குப் பின்னால் குழாய் ஓடுகிறது என்பது ஆலோசகருக்குத் தெரிய வாய்ப்பில்லை. நமக்குத் தெரியும். சொல்ல வேண்டியது நம் பொறுப்பு.

தஞ்சாவூர் ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பலகையின்மேல் துணி ஒட்டி, அதன்மேல் சுண்ணப்பொடியும் பசையும் குழைத்து மேடு எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக் ஒட்டுவார்கள். மரம், துணி, பசை மூன்றும் ஈரத்துக்கு ஒவ்வொரு விதமாக உப்பும், காயும்போது ஒவ்வொரு விதமாகச் சுருங்கும். பகலெல்லாம் புழுக்கம், ராத்திரி ஏசி, காலையில் மறுபடி புழுக்கம் என்று மாறிக்கொண்டே இருந்தால் மேடு விரிசல் விடும். பூஜையறையில் மாட்டினால் விளக்குப் புகையும் சேரும். தஞ்சாவூர் படம் பூஜையறைக்குத்தானே என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள், நியாயம்தான். அப்படியானால் விளக்குக்கு நேர் மேலே வேண்டாம், புகை போக வழி விடலாம், கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி விடலாம். இந்த மூன்றையும் மாடம் வடிக்கும்போதே செய்துவிட முடியும். பின்னால் முடியாது.

காகிதப் படைப்பு என்றால் கண்ணாடி நேராகக் காகிதத்தில் ஒட்டக் கூடாது. இடையில் அமிலம் இல்லாத மவுண்ட் போர்டு வேண்டும். சாதாரண அட்டை சில வருடங்களில் பழுப்பேறி அந்தப் பழுப்பைக் காகிதத்துக்கும் கொடுக்கும். சட்டத்தின் கீழ் மூலைகளில் பின்பக்கம் சின்ன ரப்பர் பொட்டு ஒட்டிவிட்டால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று ஓடும். ஒரு பொட்டு ஒன்றிரண்டு ரூபாய் இருக்கும். அது இல்லாததால் பூஞ்சை பிடித்த ஓவியங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஜிப்சம் பார்ட்டிஷன். கண்ணாடியோடு சேர்த்து முப்பது கிலோ வரும் ஓவியத்தை வெறும் ஜிப்சம் போர்டில் மாட்டக் கூடாது. போர்டு மூடுவதற்கு முன் உள்ளே பிளைவுட் வைத்து பிரேமில் திருகிவிட வேண்டும். அதை மூடிப் பெயின்ட் அடித்த பிறகு பிளைவுட் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் நினைவிருக்காது. அதனால் மூடும் முன் டேப்பைப் பிடித்து அளவு தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து ஆலோசகருக்கு அனுப்பிவிடுங்கள். என் போனில் நான் அதிகம் திறந்து பார்க்கும் படங்கள் அந்தவகைதான்.

சோஃபாவுக்கு மேட்ச்

இன்னொரு தகராறு. நாம் குஷன் துணியின் துண்டை ஆலோசகரிடம் நீட்டி, "இந்தப் பச்சையில ஏதாவது" என்போம். அவர் முகம் மாறும். அவர் பக்கம் நியாயம், சோஃபாத் துணி ஏழெட்டு வருடத்தில் மாறும், ஓவியம் பிள்ளைகளுக்குப் போகும். நம் பக்கமும் நியாயம் இருக்கிறது, அந்த அறையில் உட்கார்ந்து கண்ணைக் கூசிக்கொள்ளப் போவது வீட்டுக்காரர்.

நான் இப்போது நிறத்தைச் சொல்வதில்லை. அந்த அறையில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். "இங்கே தாத்தா காலையில் தனியாகப் பேப்பர் படிப்பார்", "இங்கே ராத்திரிச் சாப்பாடு, சத்தமாகப் பேசுவார்கள்." ஆலோசகர்கள் இதை வைத்துக் கொண்டுவரும் படைப்புகள், துணித் துண்டை வைத்துக் கொண்டுவருவதைவிட எவ்வளவோ பொருந்துகின்றன.

இடமும் படைப்பும் ஒட்டாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ராத்கோவே உதாரணம். நியூயார்க்கின் சீக்ராம் கட்டடத்தில் ஃபோர் சீசன்ஸ் என்ற ஆடம்பர உணவகத்துக்காக 1958-இல் அவரிடம் தொடர் ஓவியங்கள் கேட்டார்கள். உள்ளலங்காரம் பிலிப் ஜான்சன். ராத்கோ ஒரு முழு வருடத்துக்குமேல் வேலை செய்தார். உணவகம் திறந்த பிறகு அங்கே போய்ச் சாப்பிட்டுப் பார்த்தார். அந்த விலைக்கு அந்தச் சாப்பாடு சாப்பிடுகிறவர்கள் தன் ஓவியத்தை ஏறிட்டுப் பார்க்கப்போவதில்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓவியங்களை எடுத்துக்கொண்டார். அவற்றில் ஒன்பது இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உலகத்துக்கு அது லாபம். உணவகத்துக்கு நஷ்டம்.

ஓவியரிடம் புதிதாக வரையச் சொல்லும் வேலையாக இருந்தால், ஓவியரை வேலை நடக்கும் இடத்துக்கே ஒருமுறை கூட்டிப்போங்கள். பிளான் தாளில் அந்த இடத்தின் சத்தமும் வெக்கையும் தெரியாது. முதல் வரைவுக்கு எவ்வளவு, எத்தனை தடவை மாற்றச் சொல்லலாம், பிடிக்காவிட்டால் என்ன என்பதையெல்லாம் ஆலோசகர் எழுதி வாங்கிவிடுவார். நாம் ஓவியருக்குத் தனியாக போன் போட்டு, "அந்தச் சிவப்பைக் கொஞ்சம் குறைங்களேன்" என்று சொல்லாமல் இருந்தால் போதும். நான் சொல்லியிருக்கிறேன். ஆலோசகர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

காசு

ஆலோசகர்கள் மொத்தமாக ஒரு கட்டணம் வாங்கலாம், மணிக்கணக்கில் வாங்கலாம், வாங்கும் விலையில் சதவிகிதம் வாங்கலாம், கேலரி தரும் தள்ளுபடியைத் தன் கூலியாக வைத்துக்கொள்ளலாம். எதுவும் தப்பில்லை, வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தால். சதவிகிதக் கணக்கில், விலை கூடினால் கூலியும் கூடும் என்ற சங்கடம் உண்டு. அதனால் என் ஓட்டு மொத்தக் கட்டணத்துக்கு.

நம் தொழிலில் டைல்ஸ் கடை, துணிக்கடை எல்லாம் டிசைனருக்கு ஒரு பங்கு தருவது ஊரறிந்த விஷயம். கலையில் அதைச் செய்யாதீர்கள், செய்தால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். டைல்ஸ் வாங்கியவர் மறுபடி அந்தக் கடைக்குப் போகமாட்டார். ஓவியம் வாங்கியவர் அந்த ஓவியரின் அடுத்த கண்காட்சிக்குப் போவார், அங்கேயே பேச்சு வரும். ஆலோசகர் ஒருபக்கம், டிசைனர் ஒருபக்கம், கேலரி ஒருபக்கம் என்று மூன்று கமிஷன் ஏறிய ஓவியத்தை அவர் நாளைக்கு விற்கப் போனால் கிடைக்கும் விலையில் நம் எல்லார் பெயரும் கெடும். பில் நேராகக் கேலரியோ ஓவியரோ வீட்டுக்காரர் பெயருக்குப் போடட்டும். நம் கூலி தனி பில்.

கூடவே, கருத்து வேறுபாடு இருந்தால் வீட்டுக்காரர் முன்னால் வேண்டாம். முந்தின நாளே காபி குடித்துச் சண்டை போட்டு முடித்துவிட்டு, மறுநாள் இரண்டு தெரிவோடு போய் நில்லுங்கள்.

சட்ட விதிகள் கொஞ்சம்

ஓவியத்தை வாங்கியதால் அதன் பதிப்புரிமை கைக்கு வந்துவிடாது. பொதுவாக அது ஓவியரிடமே இருக்கும், அவர் காலத்துக்குப் பிறகும் அறுபது ஆண்டுகள். வீட்டுக்காரரின் ஓவியத்தைப் பெரிதாக்கி அவருடைய ஓட்டலில் வால்பேப்பர் அடிக்க முடியாது. நம் வேலையை விளம்பரம் செய்ய எடுக்கும் படத்தில் ஓவியம் பெரிதாகத் தெரிந்தால் ஓவியர் பெயரைப் போடுங்கள், முன்கூட்டிக் கேட்டும் விடுங்கள்.

புதுப்பிக்கும் வேலை எடுப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விக்யான் பவனுக்காக ஒரு பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பம் செய்தார். 1979-இல் கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது அதைப் பிடுங்கிக் கிடங்கில் போட்டார்கள், சேதமானது. அவர் வழக்குப் போட்டார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம், படைப்பு அரசாங்கத்தின் சொத்தாக இருந்தாலும் படைப்பாளிக்கு அதன்மேல் தார்மிக உரிமை உண்டு என்று சொல்லி, மிஞ்சிய பகுதிகளைத் திருப்பிக் கொடுக்கவும் ஐந்து லட்சம் ரூபாய் தரவும் உத்தரவிட்டது. பழைய கட்டடத்தில் சுவரோவியம் இருந்தால், "இடிச்சிடுங்க" என்று மேஸ்திரியிடம் சொல்லும் முன் ஆலோசகரிடம் ஒரு போன்.

பழம்பொருள் இன்னும் நுட்பமானது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிற்பம், ஓவியம் முதலியன தொல்பொருள். விற்பவருக்கு உரிமம் வேண்டும், குறிப்பிட்ட வகைகளைப் பதிவு செய்ய வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நூறு வருடம் ஆகாவிட்டாலும் ஜாமினி ராய், அம்ரிதா ஷெர்-கில் போன்ற சிலரின் படைப்புகள் நாட்டின் கலைச்செல்வம் என்று அறிவிக்கப்பட்டவை, அவையும் வெளியே போக முடியாது. சிங்கப்பூரிலிருக்கும் வீட்டுக்காரர் இங்கே வாங்கி அங்கே கொண்டுபோக நினைத்தால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "பழைய கோயில் சிலை சார், சும்மா குறைச்ச விலைக்கு" என்று யாராவது சொன்னால், பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். தமிழ்நாடு போலீஸில் 1983 முதல் சிலைகளுக்கென்றே ஒரு பிரிவு சும்மா இயங்கவில்லை.

மாட்டும் நாள்

எல்லா வேலையும் முடிந்து, பாலிஷ் வாடை போய், தரை துடைத்தான பிறகுதான் ஓவியம் உள்ளே வர வேண்டும். பாலிஷ் பேப்பர் தேய்க்கிற தூசு கேன்வாஸில் படிந்தால் துடைத்து எடுப்பது நம் வேலை இல்லை, அதற்கென்று நிபுணர் வர வேண்டும். அன்றைக்கு தளத்தில் வேறு யாரும் வேண்டாம் என்று நான் முந்தின நாளே எல்லாருக்கும் சொல்லிவிடுவேன். அப்படியும் பிளம்பர் ஒருத்தர் வருவார்.

உயரம் எவ்வளவு? ஓவியத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலம் என்பது கேலரிகளின் கணக்கு, நின்று பார்ப்பவருக்கானது. சாப்பாட்டு மேசை, ஊஞ்சல், தாழ்வான திவான் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள், சில அங்குலம் இறக்கலாம். சோஃபாவுக்கு மேலே என்றால் சோஃபா அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓவியம் இருந்தால் கண்ணுக்குச் சரியாக இருக்கும். ஏழடி சோஃபாவுக்கு நாலரை, ஐந்தடி. ஆணி அடிப்பதற்கு முன், பிரவுன் பேப்பரை ஓவியத்தின் அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி, வீட்டுக்காரரை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை.

இந்த நாளில் ஆணியை அடிப்பது யார்? எங்கள் ஏற்பாட்டில், ஆலோசகரின் ஆள் இடத்தைக் குறிப்பார், எங்கள் கார்பென்டர் துளை போடுவார், ஓவியத்தைத் தூக்குவது மறுபடி ஆலோசகரின் ஆள். துளையில் வயர் அறுந்தால் எங்கள் பொறுப்பு, ஓவியம் கீறினால் அவர் பொறுப்பு. எழுதி வைத்துக்கொண்டோம், அதனால் இதுவரை சண்டை இல்லை. வழியில் வரும்போதான இன்ஷூரன்ஸ் எந்த நிமிடம் முடிகிறது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் இறக்கியதோடா, சுவரில் ஏறியதோடா?

கடைசியில் வீட்டுக்காரர் கையில் ஒரு கோப்பு. பில், அசல்தான் என்று ஓவியர் தந்த சான்றிதழ், முன்பக்கப் படம், பின்பக்கப் படம், அளவு, எப்படித் துடைக்க வேண்டும், எதனால் துடைக்கக் கூடாது. இதை ஆலோசகர் தருவார். அதில் நான் ஒரு தாள் சேர்ப்பேன்: எந்தச் சுவரில் பிளைவுட் எங்கே, எந்த விளக்கு எந்த சுவிட்ச்சில்.

கொட்டிவாக்கம் வீட்டுக்கு அந்த வருடம் மழை முடிந்து டிசம்பர் கடைசியில் ஆலோசகரும் நானும் சேர்ந்து போனோம். வீட்டம்மா காபி போட உள்ளே போயிருந்தார். ஆலோசகர் ஓவியத்தின் கீழ் விளிம்பை மெதுவாக ஒரு அங்குலம் முன்னால் இழுத்துப் பிடிக்க, நான் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஈரம் இல்லை. சாய்வாக வெளிச்சம் பட்டதில் பழைய சுவிட்ச் போர்டு இருந்த இடத்தில் பட்டியின் நீள்சதுரம் மட்டும் லேசாகத் தெரிந்தது. அவரும் எட்டிப் பார்த்தார், சிரித்தார், ஓவியத்தை விட்டுவிட்டார்.